டர்போ மாத்தப் போறீங்களா... உங்க இன்ஜின் எவ்வளவு காத்து கேட்குதுன்னு தெரியுமா?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் இப்படி ஒரு ரீல்ஸ் கட்டாயம் வரும். பானெட்டைத் தூக்கி, பளபளவென ஒரு புது டர்போவைக் காட்டுவார்கள். அடுத்த ஷாட்டில் கார் சீறும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 'ஸ்டூ... டூ... டூ... டூ' என்று ஒரு சத்தம். கீழே 'ஸ்டேஜ் 3, 350 பிஹெச்பி' என்று எழுத்து ஓடும். கமென்ட்டில் ஐம்பது பேர் 'ப்ரோ, எவ்ளோ ஆச்சு?' என்று கேட்டிருப்பார்கள். 'ஏன் ப்ரோ அந்த டர்போ?' என்று கேட்பவர் அபூர்வம்.

அந்த 'ஏன்'தான் முக்கியம். அது தெரியாமல் டர்போ மாற்றியவர்களுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, லட்சங்களைக் கொட்டியபிறகும் சிக்னலில் பக்கத்து ஸ்விஃப்ட் முந்திக்கொண்டு போகும். இல்லையென்றால், ஒரு நாள் ஹைவேயில் புகையோடு கார் நிற்கும். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் உடைந்திருக்கும். இரண்டுமே தவிர்க்கக் கூடியவை. கொஞ்சம் கணக்கு போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்ஜினுக்குத் தேவை காற்று... பூஸ்ட் இல்லை!

டர்போவின் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியே போகும் எக்ஸாஸ்ட் வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதுதான் டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரம், வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று அதிகமானால் பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம், பவர் கூடும். இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டும். சின்ன டர்போக்கள் 2 லட்சத்தையும் தாண்டும். டர்பைன் பக்கம் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கிறது. சில செ.மீ தள்ளி, கம்ப்ரஸர் பக்கம் வெளிக்காற்று வந்துகொண்டிருக்கிறது. நடுவில் இருப்பது மெல்லிய ஆயில் படலம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'எத்தனை பார் பூஸ்ட்?' என்பதுதான் கராஜ் பேச்சில் முதல் கேள்வி. ஆனால், அந்த நம்பரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு சின்ன டர்போவும் பெரிய டர்போவும் ஒரே 1 பார் பூஸ்ட் காட்டலாம். சின்னது மூச்சு வாங்கிக்கொண்டு, காற்றைச் சுட வைத்து அந்த 1 பாரைக் கொடுக்கும். பெரியது நிதானமாக, குளிர்ந்த காற்றாகக் கொடுக்கும். சூடான காற்று விரிந்து கிடக்கும், அதில் ஆக்ஸிஜன் குறைவு. இன்ஜினுக்குள் போகும் காற்றின் எடைதான் பவரைத் தீர்மானிக்கிறது.

ட்யூனர்கள் கையில் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று உள்ளே போனால், பெட்ரோல் இன்ஜினில் சுமார் 10 ஹார்ஸ்பவர். 350 வேண்டுமா? நிமிடத்துக்கு 35 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 16 கிலோ காற்று வேண்டும். பத்துக்குப் பத்து ரூம், உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் மொத்தக் காற்றையும் இரண்டே நிமிடத்தில் உறிஞ்சிவிடும்!

ஒரு ஆக்டேவியாவை வைத்துப் பார்க்கலாம்

2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230-ஐ எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின், 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர் டார்க். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின் இது. இதில் இருப்பது ஐஹெச்ஐ கம்பெனியின் ஐஎஸ்20 என்ற டர்போ. இதே இன்ஜின் குடும்பத்தில் 300 பிஎஸ் கொடுக்கும் கோல்ஃப் ஆர் காருக்கு, அதே ஐஹெச்ஐ தயாரித்த பெரிய தம்பி... ஸாரி, பெரிய அண்ணன் ஐஎஸ்38 வருகிறது. உலகம் முழுக்க இந்த இன்ஜினில் கைவைப்பவர்கள் முதலில் செய்வது, 20-ஐக் கழற்றிவிட்டு 38-ஐ மாட்டுவதுதான். பெரிய வெட்டு ஒட்டு வேலை இல்லாமல் அதே இடத்தில் உட்காரும் என்பதே காரணம்.

விஆர்எஸ்ஸில் 350 ஹார்ஸ்பவர் என்று இலக்கு வைப்போம். 6,200 ஆர்பிஎம்மில், இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 50 டிகிரி என்று வைத்துக் கணக்கு போட்டால், மேனிஃபோல்டில் சுமார் 2.6 பார் அழுத்தம் வேண்டும். அதில் 1 பார் இயற்கையாகவே நம்மைச் சுற்றி இருக்கிறது. ஆக, பூஸ்ட் 1.6 பார். கம்பெனி கொடுத்த 230-க்கு அதே வேகத்தில் 0.7 பார் போதும். இரு மடங்குக்கு மேல் வித்தியாசம்! இதைச் சின்ன ஐஎஸ்20-யிடம் கேட்டால், அது தன் எல்லையைத் தாண்டிச் சுற்ற வேண்டியிருக்கும். அதற்காகத்தான் பெரிய டர்போ.

உள்ளே போகும் அழுத்தத்தை, வெளிக்காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் வருவது பிரஷர் ரேஷியோ. மேலே சொன்ன கணக்கில் 2.6. இந்த ரேஷியோவும், நிமிடத்துக்கு 35 பவுண்டு என்ற காற்றளவும் கையில் இருந்தால், டர்போ செலெக்ஷனின் பாதி வேலை முடிந்தது.

அந்த மலை வரைபடம் எதுக்கு?

நல்ல கம்பெனிகள் ஒவ்வொரு டர்போவுக்கும் 'கம்ப்ரஸர் மேப்' என்று ஒரு வரைபடம் கொடுப்பார்கள். ஜியோகிராஃபி புத்தகத்தில் மலையைக் காட்டும் கோடுகள் போல வட்டம் வட்டமாக இருக்கும். கீழ்க்கோட்டில் காற்றளவு, பக்கவாட்டில் பிரஷர் ரேஷியோ. நடு வட்டத்தில் டர்போவின் திறன் அதிகம். வெளியே போகப் போகக் குறையும்.

நம் இரண்டு எண்களையும் அதில் புள்ளியாக வைத்துப் பாருங்கள். சென்னை வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்றை 2.6 மடங்கு அமுக்கினால், 70 சதவிகிதத் திறன் வட்டத்தில் அது சுமார் 173 டிகிரியாக வெளியே வரும். புள்ளி 60 சதவிகித வட்டத்தில் விழுந்தால் 196 டிகிரி. பூஸ்ட் மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஆனால், இன்டர்கூலருக்கு 23 டிகிரி கூடுதல் சுமை.

புள்ளி வரைபடத்தின் வலது ஓரத்தைத் தாண்டினால், டர்போ சின்னது. எவ்வளவு விரட்டினாலும் காற்று வராது. இடது ஓரக் கோட்டைத் தாண்டினால், அதற்குப் பெயர் சர்ஜ். அமுக்கிய காற்றுக்கு உள்ளே போக வழியில்லாமல் திரும்பி வந்து கம்ப்ரஸர் சக்கரத்தையே அறைவது. ஆரம்பத்தில் சொன்ன அந்த 'ஸ்டூ டூ டூ' சத்தம் பெரும்பாலும் இதுதான்! ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்றை வெளியேற்ற வேண்டிய வால்வு இல்லாமலோ, பத்தாமலோ இருக்கும்போது கேட்கும். எப்போதாவது லேசாக வந்தால் டர்போ தாங்கும். ஆனால், முழு லோடில் இழுக்கும்போதே சர்ஜ் வந்தால், த்ரஸ்ட் பேரிங் சீக்கிரமே கழன்றுவிடும். லைக்ஸுக்காக அந்தச் சத்தத்தைக் கேட்டு வாங்குகிறார்கள் சிலர். என்னத்தைச் சொல்ல!

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 0.77 பார் அளவுக்கு இறங்கிவிடும். அங்கேயும் அதே 2.6 பார் வேண்டும் என்று இசியு அடம்பிடித்தால், ரேஷியோ 3.4 ஆகிவிடும். கடலோரச் சென்னையில் சொகுசாகச் சுற்றிய டர்போ, கொண்டை ஊசி வளைவுகளில் வேக எல்லையைத் தாண்டிவிடும். உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டைக் குறைக்கும்படி ட்யூன் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நீங்க ஓட்டப்போறது எங்கே?

கம்ப்ரஸர் பக்கம் உச்ச பவரைத் தீர்மானிக்கும். டர்பைன் பக்கம்தான் அந்த பவர் எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்கும். இங்கே 'ஏ/ஆர்' என்று ஓர் எண் வரும். எக்ஸாஸ்ட் போகும் நத்தைக்கூடு வடிவ வழியின் குறுக்குவெட்டுப் பரப்பளவை, அது மையத்திலிருந்து இருக்கும் தூரத்தால் வகுத்த கணக்கு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயை விரலால் அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும் இல்லையா? சின்ன ஏ/ஆர் அப்படித்தான். வாயு வேகமாகப் பாயும், டர்போ சீக்கிரம் விழிக்கும். ஆனால், மேல் ஆர்பிஎம்மில் அதே விரல் அடைப்பாகிவிடும். பெரிய ஏ/ஆர் இதற்கு நேரெதிர்.

உதாரணமாக, காரெட் ஜி25-550 என்ற டர்போ 0.49, 0.72, 0.92 என மூன்று ஹவுஸிங்குகளில் கிடைக்கிறது. ஒரே டர்போ, மூன்று குணம். 2 லிட்டர் இன்ஜினில் 0.92-ஐ மாட்டினால் டைனோ ஷீட்டில் உச்ச எண் அழகாக இருக்கும். ஆனால், ஓஎம்ஆரில் சிக்னலுக்கு சிக்னல் ஓடும் காரின் இன்ஜின் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஆர்பிஎம்முக்குள்தான் இருக்கும். அங்கே அந்த டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்டாக் காரைவிட மந்தமாக இருக்கும். ஸ்டாக் டர்போவைத் தேர்ந்தெடுத்த இன்ஜினீயர்கள் ஏமாளிகள் இல்லை. நாம் நிஜமாக ஓட்டும் ஆர்பிஎம்மைப் பார்த்துத்தான் சின்னதாக வைத்தார்கள்.

ஐஎஸ்38-லேயே பூஸ்ட் முழுதாக வருவது சில நூறு ஆர்பிஎம் தள்ளிப்போகும். அதை ஏற்றுக்கொள்ளலாம். விரலுக்கேத்த வீக்கம்! செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ மட்டும் ஓட்டப்போகும் கார் என்றால் கணக்கே வேறு. அங்கே இன்ஜின் எப்போதும் 4,000-க்கு மேலேதான் இருக்கும். பெரிய டர்போவை நானே சிபாரிசு செய்வேன்.

முதலில் உடையப்போவது எது?

டர்போவுக்கு பட்ஜெட் போடுகிறவர்கள் மறப்பது இதைத்தான். பவர் கூடினால், அந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி எதுவோ அது முதலில் போகும்.

பல கார்களில் அது கியர்பாக்ஸ். விஆர்எஸ் 230-ல் இருக்கும் 6 ஸ்பீடு டிஎஸ்ஜி, ஆயிலில் குளிக்கும் கிளட்ச் கொண்டது. அதற்கே கம்பெனி குறித்திருக்கும் டார்க் அளவு 350 நியூட்டன் மீட்டர். அதைத் தாண்டினால் கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரையும் மாற்ற வேண்டும், சில நேரம் கிளட்ச்சையும். நம் ஊரில் கொண்டாடப்பட்ட போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் இருப்பது 7 ஸ்பீடு டிரை கிளட்ச். அதன் அளவு 250 நியூட்டன் மீட்டர்தான். இன்ஜின் ஸ்டாக்காக 175 கொடுக்கிறது. ஆக, அந்த காரில் எவ்வளவு பெரிய டர்போ போட்டாலும் நீங்கள் விளையாட இருக்கும் இடம் 75 நியூட்டன் மீட்டர். அதற்கு டர்போவே மாற்றத் தேவையில்லை, நல்ல ட்யூன் போதும்.

அடுத்தது கனெக்டிங் ராடு. இதை வளைப்பது பவர் இல்லை, டார்க். அதுவும் குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று வரும் டார்க். எனவே நல்ல ட்யூனர், 2,500 ஆர்பிஎம்மில் வரும் டார்க்கை வேண்டுமென்றே அடக்கிவைப்பார். சீட்டில் முதுகு ஒட்டும் அந்த 'கிக்' கொஞ்சம் குறையும். கவலை வேண்டாம், இன்ஜின் பிழைக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகம், அதிக லோடு என்ற நிலையில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக் கூடியது இது. ஏபிஐ எஸ்பி தர ஆயில் இதைக் குறைப்பதற்காகவும் சேர்த்து உருவாக்கப்பட்டது. ஆயில் கேன் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். டாப் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பிறகு நாக்கிங். பூஸ்ட் ஏற ஏற சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் ஏறும். பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும். இது டர்போ கார் பிறந்த நாளிலிருந்து இருக்கும் தலைவலி. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்கில் ஊற்ற வேண்டும். பல ஓனர்கள் அதை ஊற்றவே மறந்தார்கள். கடைசியில் நிறைய கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு, சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள்!

இன்று நமக்கு நாக் சென்சார் இருக்கிறது. இருந்தாலும் பெட்ரோலின் ஆக்டேன் எண்தான் எல்லை. 91 ஆக்டேன் பெட்ரோலுக்கும் 95-க்கும் 100-க்கும் ட்யூன் வேறு வேறு. 100 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு, கிராமத்து பங்க்கில் சாதா பெட்ரோல் ஊற்றிவிட்டு விரட்டக் கூடாது. எத்தனால் கலப்பு கூடியதில் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டு. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும். ஆனால், சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றென்றால், 20 சதவிகிதக் கலப்புக்குச் சுமார் 13.5 பங்குதான். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்ப்பும் ஏற்கெனவே எல்லையில் இருந்தால், மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் பத்தாமல் போகும். டர்போ இன்ஜினுக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது.

மாட்டும்போது ஆயில்தான் எல்லாம்

புது டர்போ சில வாரங்களில் செத்துப்போனால், பெரும்பாலும் குற்றம் டர்போ மேல் இல்லை, ஆயில் வழியில். மெக்கானிக் பக்கத்தில் நின்று நீங்கள் கவனிக்க வேண்டியவை இவைதான்.

டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகும். ஆனால் வெளியே வருவது தானாக, கீழ்நோக்கி வழிந்துதான். அந்த ரிட்டர்ன் பைப் செங்குத்தாக இறங்க வேண்டும். அதிகபட்சம் 35 டிகிரி சாயலாம். உள் அகலம் அரை இன்ச்சுக்குக் குறையக் கூடாது. நடுவில் தொய்ந்து தொங்கினால், ஆயில் தேங்கி சீல் வழியே கசியும். 'டர்போ சீல் போச்சு, நீலப் புகை வருது' என்று வரும் கார்களில் நிறைய பேருக்குப் பிரச்னை இந்த பைப்தான்.

பால் பேரிங் டர்போவுக்குக் குறைந்த ஆயில் போதும். அதனால், உள்ளே போகும் வழியில் சின்னத் துளை கொண்ட ரெஸ்ட்ரிக்டர் தேவைப்படலாம். ஜர்னல் பேரிங் டர்போவுக்கு அதைப் போட்டால் பட்டினி போடுவது மாதிரி. டர்போ கம்பெனியின் குறிப்பைப் படித்தே ஆக வேண்டும். ஆயில் ஃப்ளாஞ்ச்சில் சிலிக்கான் பேஸ்ட் தடவினால், 'வேண்டாம்ணே' என்று தடுத்துவிடுங்கள். பிதுங்கி உள்ளே போகும் ஒரு துணுக்கு ஆயில் வழியை அடைக்கும்.

பழைய டர்போ உடைந்ததால் புதிது போடுகிறீர்கள் என்றால், உடைந்த துண்டுகள் எங்கே போயின என்று முதலில் பாருங்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவாமல் புது டர்போவை ஸ்டார்ட் செய்தால், அந்தத் துண்டுகள் இன்ஜினுக்குள் போகும். ஆயில், ஃபில்டர் இரண்டும் புதிதாக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிறகு பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராதபடி நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் வரும்வரை கிராங்க் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாத கராஜில் மற்றதையும் ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்று நான் நம்ப மாட்டேன். ஐஎஸ்38 போன்றவற்றில் வேஸ்ட்கேட்டை எலெக்ட்ரானிக் மோட்டார் இயக்கும். ஸ்கேனரை மாட்டி அதன் அளவைச் சரிசெய்யாவிட்டால் பூஸ்ட் ஏறியிறங்கி ஆடும். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி 'கோல்டு' ரகமாக மாற்றி, இடைவெளியை 0.6 - 0.7 மி.மீ அளவுக்குக் குறைப்பதும் வழக்கம்.

ட்யூனுக்கு டெலிகிராமில் கிடைத்த ஃபைலை ஏற்றாதீர்கள். உங்கள் கார், உங்கள் பெட்ரோல், உங்கள் ஊர் வெயில். டைனோவில் நிறுத்தி லாக் எடுத்து எழுத வேண்டும். பவர் எண்ணைக் கேட்பதற்கு முன், லாக்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக்கிங்குக்காக இக்னிஷன் எத்தனை டிகிரி பின்வாங்கியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகத் திணறினால் அங்கே ஏதோ கோளாறு.

ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் 'அதே மாதிரி' டர்போக்களைப் பற்றி ஒரு வார்த்தை. லட்சம் சுற்று சுற்றும் தண்டில் பேலன்ஸ் கொஞ்சம் தவறினாலும் சக்கரம் சிதறும். கம்ப்ரஸர் மேப் கொடுக்காத டர்போவை வாங்காதீர்கள்.

போலீஸ் பிடிச்சா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேர் பைப் வைத்தால், புகையும் சத்தமுமே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் இன்ஷூரன்ஸ். கம்பெனிக்குச் சொல்லாமல் இன்ஜினை மாற்றியிருந்தால், விபத்து நடந்த பிறகு க்ளெய்மை நிராகரிக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் கார் சேதத்தோடு போனால் பரவாயில்லை; எதிரே வந்தவர் அடிபட்டிருந்தால் அந்த நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழக்கூடும். அதனால்தான், நிஜமாகவே பெரிய பவர் வேண்டும் என்பவர்கள் தனியாக ஒரு டிராக் காரை வைத்துக்கொண்டு, அதை டிரெய்லரில் ஏற்றிப் போகிறார்கள். காசு அதிகம்தான். ஆனால் அங்கே 350 பிஹெச்பியையும் முழுதாக அனுபவிக்கலாம். ரோட்டில் அதில் பாதியைக்கூட யாரும் பயன்படுத்த முடியாது.

எல்லாம் யோசித்து மாட்டியாகிவிட்டதா? ஆயில் சூடாகும் வரை பூஸ்ட் பக்கம் போகாதீர்கள். விரட்டி ஓட்டி வந்தால், கடைசி ஓரிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். முதல் 500 கி.மீ-யில் ஒருமுறை எக்ஸாஸ்ட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் சரிபார்க்கச் சொல்லுங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அவை தளரும். அப்படியே கம்ப்ரஸர் பக்கத்து பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். லேசான ஈரம் இருந்தால் சகஜம். ஆயில் குட்டையாகத் தேங்கியிருந்தால், அன்றைக்கே வண்டியை கராஜுக்குத் தள்ளுங்கள்.